நடுநிலையாம், நடுநிலை!

தேர்தல் நாள் அறிவிக்கப்பட்டதும் திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில் மூன்று மாறுதல்கள் நிகழ்கின்றன. வேலூர்ச் சாலையோரச் சுவர்களில் ஆண்டுக்கணக்கில் சிரித்துக்கொண்டிருந்த தலைவர்களின் முகங்கள் சுண்ணாம்புக்குள் மறைகின்றன. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் கூடும் குறைதீர்க்கும் கூட்டம் நிறுத்திவைக்கப்படுகிறது. முதியோர் உதவித்தொகை கேட்டு மனு எழுதி முந்தானையில் முடிந்து வந்த மூதாட்டி, நடத்தை விதிகள் விலகும் நாள்வரை காத்திருக்கத் திரும்பிப் போகிறாள். மூன்றாவது மாறுதல் விந்தையானது. நேற்றுவரை இன்ன கட்சிக்காரர், இன்னார் வீட்டு விருந்தாளி, இன்ன முதலாளியின் சம்பளக்காரர் என்று ஊரறிந்திருந்த சிலர், ஒரே இரவில், முழுக்குப் போட்டு எழுந்த முனிவர்களைப் போல, 'நடுநிலையாளர்' ஆகிவிடுகிறார்கள்!

முதலிரண்டும் தேர்தல் ஆணையத்தின் விதிப்படி நடப்பவை. மூன்றாவது எந்த விதிப்படி நடக்கிறது என்று கேட்கிறோம்.

கட்சி சார்ந்து எழுதுவது குற்றமென்று நாம் கூறவில்லை. கூறினால் நம் வரலாற்றையே மறுத்தவர்களாவோம். 1917-ல் நீதிக்கட்சியினர் 'ஜஸ்டிஸ்' என்ற ஆங்கில ஏட்டையும் 'திராவிடன்' என்ற தமிழ் ஏட்டையும் தொடங்கியது எதற்காக? அன்று சென்னையில் செல்வாக்கோடு விளங்கிய ஏடுகள் தம் கருத்தையே நாட்டின் கருத்தென்று அச்சடித்து, பார்ப்பனரல்லாதாரின் முறையீட்டை ஓரப்பத்தியிலும் ஏற்காமல் ஒதுக்கியதற்காக. 1925 மே 2-ல் ஈரோட்டில் பெரியார் 'குடி அரசு' தொடங்கினார். 1942-ல் காஞ்சியில் அண்ணா 'திராவிட நாடு' தொடங்கினார். இவற்றுள் எந்த ஏடும் "நான் யாருக்கும் சொந்தமில்லை" என்று பசப்பியதில்லை. கொடியை வாசலில் கட்டிவிட்டுத்தான் கடை திறந்தார்கள். வாங்கியவன் எதை வாங்குகிறோம் என்று தெரிந்தே காசு கொடுத்தான். எதிர்த்தவனும் எதை எதிர்க்கிறோம் என்று தெரிந்தே எதிர்த்தான்.

1967 பொதுத்தேர்தலை எண்ணிப் பாருங்கள். பெரியார் காங்கிரசை ஆதரித்தார். தம்மிடம் வளர்ந்தவர்களின் கட்சியை எதிர்த்து, தள்ளாத வயதில் ஊர் ஊராகச் சென்று பேசினார், 'விடுதலை' எழுதியது. அவர் யாருக்கு வாக்குக் கேட்கிறார், ஏன் கேட்கிறார் என்பதில் எவருக்கும் எள்ளளவும் ஐயம் எழவில்லை. தேர்தல் முடிந்தது, வென்ற அண்ணா திருச்சிக்குச் சென்று பெரியாரைக் கண்டார். எதிர்ப்பு வெளிச்சத்தில் நடந்ததால் உறவும் வெளிச்சத்திலேயே துளிர்த்தது. மறைவில் குத்தியவனுக்கு அத்தகைய சந்திப்பு வாய்த்திருக்குமா?

எனவே, கட்சிப் பற்றன்று நம் பகை. கட்சிப் பற்றைக் காவித் துணியிலோ வெள்ளைச் சட்டையிலோ பொதிந்து மறைத்துக்கொண்டு, கையில் துலாக்கோலோடு வந்து நிற்கிறானே, அவனைத்தான் கேட்கிறோம். நடுவு நிலைமைக்குத் துலாக்கோலை உவமை காட்டியவர் வள்ளுவர். அவர் காலத்திலும் கள்ளப் படிக்கல் இருந்திருக்கும். ஆனால் கள்ளப் படிக்கல்லையே நியாயத்தின் சின்னமென்று மாலை சூட்டி மேசைமேல் வைத்திருக்க மாட்டார்கள்.

தொலைக்காட்சி விவாதங்களைக் காணும் தோழர்கள் அந்த நாற்காலிகளைக் கவனித்திருப்பார்கள். ஒரு நாற்காலியில் ஆளும் கட்சி; இன்னொன்றில் எதிர்க்கட்சி. அவர்கள் பெயருக்குக் கீழே கட்சியின் பெயரும் வருகிறது, சரி. மூன்றாவது நாற்காலிக்காரருக்குக் கீழே 'அரசியல் விமர்சகர்' என்று வருகிறது. நான்காவது நாற்காலிக்காரர் 'மூத்த பத்திரிகையாளர்'. எந்தப் பத்திரிகையில், எப்போது, எவ்வளவு மூத்தார் என்பது தெரியாது. ஐந்தாவது ஒருவர் இருந்தால் அவர் 'சமூக ஆர்வலர்'! முதலிருவர் பேசுவதைப் பார்ப்பவன் பாதி கழித்துக் கேட்கிறான். மற்ற மூவர் பேசுவதை முழுதும் நம்புகிறான். நஞ்சு எந்தக் கிண்ணத்தில் ஊற்றப்படும்? கழித்துக் குடிக்கும் கிண்ணத்திலா, நம்பிக் குடிக்கும் கிண்ணத்திலா? கட்சிக்குச் சொந்தமான தொலைக்காட்சிகளைக்கூட நாம் பெரிதாகக் கடிந்துகொள்வதில்லை. தமிழ்நாட்டில் எந்த அலைவரிசை எந்த வீட்டுப் பிள்ளை என்பது பள்ளிச் சிறுவனுக்கும் தெரியும்.

சட்டத்தில் ஒரு வேடிக்கையைப் பாருங்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 127-அ என்றொரு பிரிவு உண்டு. தேர்தல் துண்டறிக்கையோ சுவரொட்டியோ அச்சிட்டால், அச்சிட்டவர் பெயரும் வெளியிட்டவர் பெயரும் முகவரியோடு அதில் இருந்தாக வேண்டும். தவறினால் 6 மாதம்வரை சிறை, அல்லது 2,000 ரூபாய்வரை தண்டம், அல்லது இரண்டும். ஒரு கைப்பிடித் துண்டறிக்கை தன் தந்தை பெயரை நெற்றியில் எழுதிக்கொண்டுதான் வேங்கிக்கால் பேருந்து நிறுத்தத்தில் பறக்க முடியும். இலட்சம் வீடுகளுக்குள் நுழைந்து இரண்டு மணி நேரம் பேசும் வாய்க்கு, யார் அச்சிட்டது, யார் வெளியிட்டது என்று சொல்லும் கடமை இல்லை!

இந்த நடுநிலையாளர்களின் கைத்திறன் பொய்யில் இல்லை. பொய் சொன்னால் அகப்பட்டுக்கொள்வார்கள். அது கற்றுக்குட்டியின் வேலை. தேர்ந்தவர்கள் சொல்லைத் தேர்கிறார்கள்.

உழவனுக்குக் கடன் தள்ளுபடி செய்தால் 'இலவசம்'. ஆலை முதலாளிக்கு வரி தள்ளுபடி செய்தால் 'ஊக்குவிப்பு'. இரண்டும் கருவூலத்திலிருந்துதான் போகின்றன. ஒன்று பிச்சையாகவும் மற்றொன்று பொருளாதாரமாகவும் பெயர் சூட்டிக்கொள்கிறது. வேண்டிய கட்சியின் கூட்டத்தில் 'மக்கள் வெள்ளம்' பெருக்கெடுக்கிறது. வேண்டாத கட்சியின் கூட்டத்துக்கு ஆட்கள் 'திரட்டப்பட்டிருந்தனர்'. அதே மைதானம், அதே வேன்கள், அதே பிரியாணிப் பொட்டலம்! அந்தக் கட்சிக்காரன் இந்தக் கட்சிக்கு வந்தால் 'மனம் மாறினார்'. இந்தக் கட்சிக்காரன் அங்கே போனால் 'கட்சி தாவினார்'. வந்தவன் நடந்து வந்தானாம், போனவன் தாவிப் போனானாம். கால்கள் அவனுக்கு எத்தனை வகை என்று நமக்கு விளங்கவில்லை. நமக்கு வேண்டியவர்கள் நால்வர் சேர்ந்தால் 'கூட்டணி', வேண்டாதவர்கள் நால்வர் சேர்ந்தால் 'சந்தர்ப்பவாதக் கூட்டு'.

இவற்றைவிடக் கொடியது இலக்கணத்தைக் கொண்டு செய்யும் ஏமாற்று. "தடியடி நடந்தது" என்று எழுதுகிறார்கள். மழை பெய்தது, வெயில் அடித்தது என்பதுபோல, தடியடி தானே எழுந்து நடந்து வந்து தானே அடித்துவிட்டுப் போயிற்றாம்! அடித்தவன் யார்? எழுவாயைக் காணோம். ஆட்சியில் இருப்பவன் வேண்டாதவனாக இருந்தாலோ, எழுவாய் உடனே ஓடி வந்து முன்னால் நின்றுகொள்கிறது: "முதலமைச்சரின் காவல்துறை அடித்து நொறுக்கியது." தமிழ் இலக்கணம் படித்த புலவருக்குக்கூட, எழுவாய் தோன்றி மறையும் இந்த இந்திரசாலம் தெரியாது.

ஆட்சியர் அலுவலகத்தின் முன்பு காலிக் குடங்களோடு ஐம்பது பெண்கள் அமர்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஓர் ஏடு, 'ஆட்சிக்கு எதிராகக் கொந்தளிப்பு' என்று தலைப்பிடும். மற்றோர் ஏடு, 'எதிர்க்கட்சியினர் தூண்டுதல்' என்று தலைப்பிடும். அந்தப் பெண்கள் எந்தத் தெருவினர், குழாய் எத்தனை நாளாக வறண்டது, நீரேற்றும் மோட்டார் பழுதா, மின்சாரம் இல்லையா, ஊழியர் இல்லையா என்ற ஒன்றை மட்டும் இரண்டு ஏடுகளும் ஒற்றுமையாக விட்டுவிடும். கொந்தளிப்பும் தூண்டுதலும் விலைபோகும் சரக்கு, குழாய் விலைபோகாது.

விலை என்று சொன்னோம். அது அணி நயத்துக்காகச் சொன்ன சொல்லன்று. 2009-ல் மகாராட்டிரச் சட்டமன்றத் தேர்தலின்போது, அன்றைய முதலமைச்சரைப் புகழும் ஒரே கட்டுரை, ஒன்றோடொன்று போட்டியிடும் ஏடுகளில், சொல் மாறாமல், வெவ்வேறு பெயர்களில் வெளிவந்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் அம்பலப்படுத்தினார். பணம் வாங்கிக்கொண்டு செய்தியாக வெளியிடும் இந்த வாணிகத்தை ஆராய இந்தியப் பத்திரிகை மன்றம் இருவர் குழுவை அமர்த்தியது. 2010-ல் குழு 71 பக்க அறிக்கை கொடுத்தது. மன்றம் வெளியிட்டதோ சுருக்கத்தை! 2011-ல் மத்தியத் தகவல் ஆணையம் உத்தரவிட்ட பிறகுதான் முழு அறிக்கையும் வெளியே வந்தது. பிறர் மறைப்பதைத் தோண்டி எடுப்பதே எங்கள் தொழில் என்பவர்கள், தம்மைப் பற்றிய 71 பக்கத்தைத் தோண்டி எடுக்க ஓர் ஆணையம் தேவைப்பட்டது. அதே 2011 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தின் பிசௌலி தொகுதி உறுப்பினர் உம்லேஷ் யாதவை, ஏடுகளுக்குக் கொடுத்த பணத்தைத் தேர்தல் செலவுக் கணக்கில் காட்டவில்லையென்று தேர்தல் ஆணையம் 3 ஆண்டுகளுக்குத் தகுதி நீக்கம் செய்தது. கொடுத்தவர் பதவி இழந்தார். வாங்கியவர்கள் மறுநாளும் தலையங்கம் எழுதினார்கள்.

இப்போது ஒவ்வொரு மாவட்டத்திலும் ஊடகச் சான்றளிப்பு, கண்காணிப்புக் குழு உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்துக்கு அது கூடுமிடம் வேங்கிக்கால்தான். செய்தி வேடத்தில் விளம்பரம் வந்தால் அதற்கு விலை போட்டு வேட்பாளரின் செலவில் ஏற்ற வேண்டும். 2022 முதல் தமிழ்நாட்டில் சட்டமன்ற வேட்பாளருக்கு உச்சவரம்பு 40 இலட்சம் ரூபாய். விளம்பரத்துக்கு அளவுகோல் இருக்கிறது: இத்தனை பத்தி, இத்தனை சென்டிமீட்டர், இத்தனை ரூபாய். 'மனம் மாறினார்' என்ற சொல்லுக்கும் 'தாவினார்' என்ற சொல்லுக்கும் இடையிலுள்ள தூரத்தை எந்தக் குழு அளக்கும்?

நம் ஊரைப் பற்றி இவர்கள் கட்டிவைத்திருக்கும் தத்துவத்தைச் சொல்லாமல் போக முடியாது. தேர்தல் வந்தால், திருவண்ணாமலைக்கு ஒலிவாங்கியோடு வரும் விமர்சகர், மலையைப் பின்னணியில் வைத்துக்கொண்டு தொடங்குவார்: "இது ஆன்மிக நகரம், இங்கே ஆன்மிகம்தான் வாக்கைத் தீர்மானிக்கும்." அடுத்த மூச்சில், இந்தச் சாதி இத்தனை விழுக்காடு, அந்தச் சாதி இத்தனை விழுக்காடு என்று ஒப்பிப்பார். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எல்லாச் சாதிகளையும் எண்ணி வெளியிட்டது கடைசியாக 1931-ல், வெள்ளையர் ஆட்சியில். 1980-களில் அம்பாசங்கர் ஆணையம் வீடுவீடாகக் கணக்கெடுத்தது. இவருக்கு மட்டும் தொகுதிவாரியாக, தசமப் புள்ளியோடு, விழுக்காடு எங்கிருந்து கிடைத்தது? அண்ணாமலையார் கனவில் வந்து சொன்னாரா?

ஆன்மிக நகரத்தின் வாக்குக் கணக்கைப் பார்ப்போம். 1957-ல் திராவிட முன்னேற்றக் கழகம் முதன்முதலாகத் தேர்தல் களத்தில் இறங்கியது. வென்ற 15 சட்டமன்றத் தொகுதிகளுள் ஒன்று திருவண்ணாமலை, வென்றவர் ப. உ. சண்முகம். நாடாளுமன்றத்துக்குச் சென்ற கழகத்தார் இருவரில் ஒருவர் இரா. தர்மலிங்கம், அவர் சென்றதும் திருவண்ணாமலையிலிருந்துதான். 1962-ல் சட்டமன்றத் தொகுதி காங்கிரசுக்குப் போயிற்று. 1963 இடைத்தேர்தலில், காமராசர் ஆட்சியின் முழு வலிமையையும் எதிர்த்து நின்று, மீண்டும் சண்முகம் வென்றார். இந்த ஆறாண்டுகளிலும் கோபுரம் இடம் பெயரவில்லை. கார்த்திகைத் தீபம் ஆண்டுதோறும் ஏற்றத்தான் பட்டது. ஆன்மிகம் வாக்கைத் தீர்மானித்தது என்றால், 1957-க்கும் 1962-க்கும் 1963-க்கும் ஆன்மிகம் கட்சி மாறிக்கொண்டே இருந்ததா? அன்று கழகத்துக்கு வாக்களித்தவர்கள் எல்லாரும் கோயிலைக் கைவிட்டவர்கள் அல்லர். அப்படிச் சொல்வது நமக்கு இனிப்பாக இருக்கலாம், உண்மையாக இராது. கோயிலுக்கும் போனார்கள், கழகத்துக்கும் வாக்களித்தார்கள். அரிசி விலை வேறு, அர்ச்சனை வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த அந்த மக்களைவிட, ஒலிவாங்கி பிடித்த மேதைக்கு அறிவு குறைவாக இருக்கிறது.

இத்தகைய தேர்தல் காலப் புரட்டில் நம் இயக்கம் நேரடியாகச் சந்தித்த பெரிய நிகழ்ச்சி 1971 சேலம். இன்றைய இளைஞர்களில் பலர் அதை எதிரிகளின் வாயிலாகவோ, நம் மேடைப் பேச்சாளர்களின் வாயிலாகவோதான் அறிந்திருக்கிறார்கள். இரண்டும் போதா.

1971 சனவரி 23, 24 நாட்களில் சேலத்தில் திராவிடர் கழகம் மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாடு நடத்தியது. பெரியார் கலந்துகொண்ட ஊர்வலம் நடந்தது. சனசங்கத்தார் கறுப்புக்கொடி காட்டினார்கள். ஊர்வலத்தை நோக்கிச் செருப்பு வீசப்பட்டது. சினங்கொண்ட தொண்டர்கள் அந்தச் செருப்பையே எடுத்து, ஊர்வலத்தில் வந்த இராமன் உருவத்தை அடித்தார்கள். அடித்தது உண்மை, இயக்கத்தார் அதை மறைக்கவில்லை. சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் தேர்தல் நெருங்கியிருந்த நேரம் அது. முதலில் வந்த செருப்பு செய்தியிலிருந்து மறைந்தது. இரண்டாவதாக எழுந்த செருப்பு மட்டும் நாடெங்கும் நடந்தது. திராவிடர் கழகம் செய்த செயல், அந்தக் கழகம் தேர்தலில் நிற்காத இயக்கம் என்பது ஒதுக்கப்பட்டு, ஆளும் தி.மு.க.வின் செயலாக்கப்பட்டது. இராமனை அடித்தவர்களுக்கா வாக்கு என்பதே எதிரணியின் பிரச்சாரமாயிற்று. ஓராண்டுக்கு முன் தொடங்கப்பட்டிருந்த 'துக்ளக்' இதழ் அந்த ஊர்வலப் படங்களை வெளியிட்டது. அன்றைய அரசு அவ்விதழைப் பறிமுதல் செய்தது. அது அறிவுடைமை ஆகாதென்பது நம் கருத்து. காவல்துறை கைப்பற்றிய இதழ் கள்ளச் சந்தையில் பன்மடங்கு விலைக்குக் கைமாறியது. எழுத்துக்கு எழுத்தால் விடை கூறியிருந்தால் அந்த விலை அதற்கு வந்திருக்காது.

அரை நூற்றாண்டு கழிந்தும் அந்தச் செருப்பு ஓயவில்லை. 2020 சனவரியில் 'துக்ளக்' விழாவில் நடிகர் ரஜினிகாந்த் சேலம் ஊர்வலத்தைப் பற்றிப் பேசினார். இயக்கத்தார் சான்று கேட்டனர். செய்தியாளர்களிடம் அவர் எடுத்துக் காட்டியது 2017-ல் வெளிவந்த ஓர் ஆங்கில வார இதழின் பக்கம். 1971-ல் நடந்ததற்கு 2017 சாட்சி! பேரன் பிறந்த கதைக்குச் சாட்சி சொல்லக் கொள்ளுப்பேரனை அழைத்துவந்த கதை இது.

1924-ல் இங்கிலாந்திலும் இப்படியொன்று நடந்தது. அக்டோபர் 29 பொதுத்தேர்தல். நான்கு நாட்களுக்கு முன், 25-ஆம் நாள், 'டெய்லி மெயில்' ஏடு ஒரு கடிதத்தை வெளியிட்டது. சோவியத்துத் தலைவர் சினோவியேவ், பிரிட்டிஷ் பொதுவுடைமையரைக் கலகத்துக்குத் தூண்டி எழுதியதாம். ராம்சே மக்டொனால்டின் தொழிற்கட்சி ஆட்சி அத்தேர்தலில் வீழ்ந்தது. அக்கடிதம் போலி என்பதே பின்வந்த ஆய்வாளர்களின் முடிவு; 1999-ல் பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையின் வரலாற்றாளர் ஆராய்ந்தபோதும் அம்முடிவே வலுப்பெற்றது. மறுப்பு எழுத நான்கு நாள் போதாது. பொய் ஓட நான்கு மணி நேரம் போதும். இன்று கைபேசி இருப்பதால் நான்கு நிமிடம். (கடிதத்தால்தான் தொழிற்கட்சி தோற்றதா என்றால், அது வேறு கேள்வி. அக்கட்சி பெற்ற வாக்குகள் அத்தேர்தலில் கூடவே செய்தன. சரிந்தது லிபரல் கட்சி. நமக்குப் பிடித்த உவமைக்காக வரலாற்றை வளைக்க வேண்டாம்.)

சேலத்துக்குத் திரும்புவோம். 1971 மார்ச்சில் தேர்தல் முடிவு வந்தது. காமராசரும் ராசாசியும் கைகோத்து நின்ற அணி வெல்லுமென்று எழுதிய பேனாக்கள் உலர்ந்தன. தி.மு.க. 184 இடங்களில் வென்றது. பழைய காங்கிரசு 15, சுதந்திரா 6. அன்று முதல் நம் மேடைகளில் ஒரு பேச்சு உலவுகிறது: 1967-ல் இடங்கள் குறைவு, இராமனை அடித்த பிறகு இடங்கள் கூடின, ஆகவே மக்கள் செருப்படிக்கு வாக்களித்தார்கள் என்று. கைதட்டல் வாங்கும் பேச்சுத்தான். கேட்க நமக்கும் மகிழ்ச்சியே. ஆனால் பகுத்தறிவாளன் கைதட்டும் முன்பு கணக்குக் கேட்க வேண்டாமா? 1967-ல் எதிரில் நின்றது ஒன்றுபட்ட காங்கிரசு. 1969-ல் அது பிளந்தது. 1971-ல் இந்திரா காந்தியின் காங்கிரசு தி.மு.க.வோடு உடன்பாடு கொண்டு, சட்டமன்றத்துக்கு ஓரிடத்திலும் போட்டியிடாமல் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தது. வங்கிகளை நாட்டுடைமையாக்கியதன் செல்வாக்கு இருந்தது. 1969-ல் மறைந்த அண்ணாவின் நினைவு இருந்தது. இத்தனையும் ஒரு தட்டில் இருக்க, மறு தட்டில் செருப்பை மட்டும் வைத்து நிறுத்துக் காட்டினால் அது அறிவியலா? சேலத்துப் புரட்டு தி.மு.க.வை வீழ்த்தவில்லை என்பது வரை சான்று உண்டு. அதுவே வெற்றி தேடித் தந்தது என்பதற்குச் சான்று இல்லை. அவர்கள் முதல் செருப்பை மறைத்தார்கள். நம் பேச்சாளர் காங்கிரசின் பிளவை மறைக்கிறார்.

1967-க்கும் இதே சோதனையை வைத்துப் பார்க்கலாம். தி.மு.க. 137 இடங்களிலும் காங்கிரசு 51 இடங்களிலும் வென்றதாகத் தேர்தல் ஆணையக் கணக்கு கூறுகிறது. அதே கணக்கில், காங்கிரசு பெற்ற வாக்கு நூற்றுக்கு 41.10, தி.மு.க. பெற்றது 40.69. நம் தோழர்களில் பலருக்கு இந்த இரண்டாவது வரி தெரியாது. தெரிந்த சிலருக்குப் பேச விருப்பமில்லை. எதிரணி விமர்சகர் இந்த ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டு, "மக்கள் காங்கிரசைத் தோற்கடிக்கவே இல்லை" என்பார். நம்மவர் முதல் வரியை மட்டும் எடுத்துக்கொண்டு, "காங்கிரசைத் துடைத்தெறிந்தார்கள்" என்பார். இருவர் கூறும் எண்ணும் சரி. இருவர் கூறும் செய்தியும் தவறு. காங்கிரசு நின்றது 232 தொகுதிகளில், தி.மு.க. நின்றது 174 தொகுதிகளில். மற்ற இடங்களைச் சுதந்திராவும் மார்க்சிஸ்டுகளும் ஏனைய தோழமைக் கட்சிகளும் பங்கிட்டுக்கொண்டன. சுதந்திரா 20 இடங்களிலும் மார்க்சிஸ்டுகள் 11 இடங்களிலும் வென்றனர். வாக்கு சிதறாமல் ஓரிடத்தில் ஒருவரையே நிறுத்திய அண்ணாவின் கூட்டணிக் கணக்குத்தான் ஆட்சியை மாற்றியது. இவ்வளவையும் சொன்னால் அண்ணாவின் பெருமை குறைகிறதா? கூடுகிறது என்பதே நம் எண்ணம். உண்மையைக் கண்டு அஞ்சுகிறவன்தான் அரை வரியில் நிறுத்துவான்.

கணிப்பு வாணிகத்தைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. அது தன் கதையைத் தானே எழுதிக்கொள்கிறது. 1936-ல் அமெரிக்காவின் 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழ் ஒரு கோடி அட்டைகளை அனுப்பி, 20 இலட்சத்துக்கு மேல் விடை பெற்று, லாண்டன் வெல்வார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். அட்டைகள் போனது பெரும்பாலும் தொலைபேசியும் மோட்டாரும் வைத்திருந்தவர் முகவரிகளுக்கு. பசித்தவன் முகவரி பட்டியலில் இல்லை. நம் நாட்டில் 2004-ல் கணித்தவர்கள் கவிழ்ந்தார்கள். 2016-ல் தமிழ்நாட்டில் ஆட்சி மாறும் என்றவர்கள் கவிழ்ந்தார்கள். 2024-ல் தேசிய சனநாயகக் கூட்டணிக்கு 350-க்கு மேல் என்றவர்கள், 293-ஐக் கண்டு திகைத்தார்கள். கணிப்பை நம்பிச் சூன் 3-ல் துள்ளிய பங்குச் சந்தைக் குறியீடு, வாக்கு எண்ணிய சூன் 4-ல் 4,389 புள்ளிகள் விழுந்தது. யாருடைய பணம் விழுந்தது, யாருடைய பணம் முதல் நாளே எழுந்து வெளியேறியது என்று எந்த விமர்சகரும் நாற்காலி போட்டு விவாதிக்கவில்லை.

வாக்குப்பதிவு முடியும்வரை அத்தகைய கணிப்புகளை வெளியிடக் கூடாதென்பது 126-அ பிரிவு. 2017 மார்ச்சில் தேர்தல் ஆணையம் ஓர் அறிவுரை விடுத்தது: சோதிடர்கள், குறி சொல்வோர் கூறும் தேர்தல் பலன்களையும் அத்தடைக் காலத்தில் ஊடகங்கள் வெளியிடலாகாது! பெரியார் இருந்திருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பார். கணினி வைத்திருக்கும் கணிப்பாளரையும் கட்டம் போடும் சோதிடரையும் ஒரே விலங்கில் பூட்டியது அரசு. சோதிடரை நம்பாதே என்று இளைஞனுக்குச் சொல்லிக்கொடுத்தோம்; அவன் நம்பவில்லை. அதே இளைஞன் தன் கட்சிக்கு 180 என்று திரையில் எண் ஓடினால், எத்தனை பேரைக் கேட்டார்கள், எங்கே கேட்டார்கள், கேட்கப் பணம் கொடுத்தது யார் என்று ஒரு வினாவும் எழுப்பாமல் பட்டாசு வாங்கப் போகிறானே, அவனை என்ன பெயரிட்டு அழைப்பது?

சொன்னவர் யாரென்று பாராமல் சொன்னதன் மெய்யைப் பார்க்கச் சொன்னவர் வள்ளுவர். தாம் சொல்வதையும் தம் சொல் என்பதற்காக நம்ப வேண்டாம் என்று கூட்டந்தோறும் கூறியவர் பெரியார். எதிரியின் ஏட்டைப் பூதக்கண்ணாடி கொண்டு படிக்கிற தோழர், தம் ஏட்டைக் கண்ணை மூடிக்கொண்டு படித்தால், அவர் கையில் இருப்பது பகுத்தறிவன்று, வழக்கறிஞரின் கட்சிக்கட்டு. வழக்கறிஞர் வேண்டாமென்று சொல்லவில்லை. தேர்தல் களத்தில் வாதாடத்தான் வேண்டும். வாக்குக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் வாதாடுகிறவன், நீதிபதியின் அங்கியைத் திருடி அணிந்துகொள்ளக் கூடாதென்று எதிரிக்குச் சொல்கிற வாயால், நம் பக்கத்து 'அரசியல் விமர்சகர்' அங்கி மாட்டும்போதும் சொல்ல வேண்டும். அவர் நமக்கு வேண்டிய தீர்ப்பைச் சொல்கிறார் என்பதற்காக அங்கி அவருக்குச் சொந்தமாகிவிடாது.

இயக்கம் வளர்ந்தது படிப்பகங்களில். ஒருவர் ஏட்டைப் படிக்க, எழுதப் படிக்கத் தெரியாதவர் பத்துப் பேர் சுற்றி அமர்ந்து கேட்டார்கள். கேட்டதோடு விடாமல் மறித்து வினவினார்கள். முடிதிருத்தகமும் தேநீர்க் கடையும் அந்த வினாக்களுக்குக் கல்லூரிகளாக விளங்கின. வேங்கிக்கால் தோழர்கள் வருகிற தேர்தலுக்கு ஒன்று செய்து பார்க்கட்டும். ஒரு சுவரில், தேநீர்க் கடைக்காரர் இசைந்தால் அவர் சுவரிலேயே, நாள்தோறும் ஒரே நிகழ்ச்சியைப் பற்றி மூன்று ஏடுகள் எழுதிய செய்திகளை வெட்டிப் பக்கம் பக்கமாக ஒட்டுங்கள். 'வெள்ளம்', 'திரட்டப்பட்ட', 'தாவினார்', 'நடந்தது' போன்ற சொற்களின் கீழ் சிவப்பு மையால் கோடிடுங்கள். எழுவாய் காணாமற்போன இடத்தில் ஒரு வட்டம் போடுங்கள். மூன்றில் ஒன்று கட்டாயம் நம் ஏடாக இருக்கட்டும். அதிலும் கோடு விழட்டும், முதலில் அதில் விழுந்தால் மிக நன்று. குழாயடியிலிருந்து குடத்தோடு வருகிற பெண்களை அழைத்துப் படித்துக் காட்டுங்கள். குடத்தைப் பற்றி எந்த ஏடு எழுதியிருக்கிறதென்று அவர்களே சொல்வார்கள். பசைக்கும் சிவப்பு மைக்கும் ஆகும் செலவு எந்த வேட்பாளர் கணக்கிலும் ஏறாது. ஏற்ற வேண்டுமென்று ஆட்சியர் அலுவலகத்திலிருந்து யாராவது வந்து கேட்டால், அவருக்கும் ஒரு தேநீர் சொல்லி, சுவரைப் படிக்கச் சொல்லுங்கள்.